வாசித்துக் காட்டப்பட்டது

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கல்யாணம் முடிந்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு பெண்ணின் பெயரில் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். வந்த முதல் நாளிலிருந்து அவன் விருந்தாளி. பத்து வருடம் போனாலும் விருந்தாளிதான். நல்ல மீன் துண்டு அவனுக்கு, காற்று வருகிற ஜன்னலோரக் கதிரை அவனுக்கு. மாமியார் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வதாக மருமகனுக்குச் சொல்வாள். அவன் சிரித்தால் எல்லாரும் சிரிப்போம். அவன் பேசாமல் இருந்தால், களைப்பாக்கும் என்று நாங்களும் பேசாமல் இருந்துவிடுவோம். இந்த மரியாதை என் கணவரைச் சாகக் கொடுக்கப் பார்த்தது. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்கிலங்கையில், கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக என் வீடு. அவர் பொலிஸ் கான்ஸ்டபிள். சைக்கிளில் போய்வருகிற தூரத்தில் இருந்த ஒரு பொலிஸ் நிலையத்தில் வேலை. அங்கே தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் இவர் ஒருவர். கையெழுத்தும் அச்சுப்போல இருக்கும். அந்தக் கையெழுத்துத்தான் அவருக்கு வினையாகப் போனது. யார் முறைப்பாட்டோடு வந்தாலும், எந்த மரணத்துக்கு எந்த உறவினர் வந்து அழுதாலும், வாக்குமூலம் எழுத இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வாக்குமூலம் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சொல்பவரின் வாயாலேயே எழுத வேண்டும். "அவர் வயலுக்குப் போனார்" என்று எழுத முடியாது, "நான் வயலுக்குப் போனேன்" என்றுதான் எழுதலாம். எழுதி முடித்ததும் அதை உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் சரி என்றால் கடைசியில் ஒரு வரி: "வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்." ஆக, என் கணவர் நாள் முழுவதும் வேறு யாரோவாக இருந்து "நான், நான்" என்று வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் அது எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. சோற்றுக்கு உட்கார்ந்துகொண்டே, "இண்டைக்கு நான் கோழி களவு குடுத்த பொம்புள, கேளுங்க," என்று குரலை மாற்றி ஆரம்பிப்பார். என் உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது சீலை ஆடுவதில் தெரியும். பிறகு யுத்தம் முற்றிக் காலம் கெட்டது. கோழியும் தேங்காயும் களவு போன கதைகள் குறைந்தன. வயலுக்குப் போனவர், கடலுக்குப் போனவர், பஸ்ஸில் போனவர் என்று திரும்பி வராதவர்களின் கதைகள் வந்தன. தமிழரும் வந்தார்கள், நம்முடைய முஸ்லிம் ஆட்களும் வந்தார்கள். ஒருவர் தெருவில் ஒருவர் நடக்கப் பயந்த அந்தக் காலத்தில், இவருக்கு முன்னால் இருந்த ஒரே கதிரையில் இரண்டு பக்கத்துத் தாய்மாரும் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள்.

அவர் வீட்டில் கதை சொல்வதை விட்டுவிட்டார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. செத்த வீட்டுக் கதையைச் சோற்றுக்கு முன்னால் யார் சொல்வார்கள்? ஆனால் பேப்பரை உரத்து வாசிப்பதையும் விட்டார். இரண்டாம் வகுப்பில் இருந்த மகள் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மடியில் ஏறினால், "நீயே வாசி மகள், வாப்பாக்குத் தொண்ட சரியில்ல," என்பார். தொண்டைக்கு ஒன்றுமில்லை. நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். புத்திசாலி நான்.

இதற்கு ஒரு வருடம் முன்னால் அவருடைய சிநேகிதர் ஒருவர் மௌத்தாகியிருந்தார். அவரும் கான்ஸ்டபிள்தான், பொத்துவிலில் கல்யாணம் செய்தவர். இருவரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்து, ஒரே நிலையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள். துவக்கு வெடித்து உயிர் போனது, விபத்து என்றார்கள். நானும் அவருடைய மனைவியைப் பார்க்கப் போய், பாயில் பக்கத்தில் இருந்து, "என்ன செய்யிற ராத்தா, நசீபு, எழுதினது அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நிலையத்துச் சார்ஜன்ட் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவர் சிங்களவர், தூரத்து ஊர். எங்கள் பக்கத்தில் பல வருடம் இருந்து, தன் பாட்டுக்கு ஒரு தமிழ் வைத்திருந்தார். என்னை "நங்கி" என்று, தங்கையாகத்தான் கூப்பிடுவார். என் கணவர் பின்னால் கை கழுவப் போன நேரம் பார்த்து நான் மெதுவாகச் சொன்னேன்.

"சார்ஜன்ட் ஐயா, இவருக்கு நித்திர இல்ல. சரியாச் சாப்பிடுறதும் இல்ல. இந்த எழுத்து வேலையக் கொஞ்ச நாளைக்கு மாத்தி, ஒரு லேசான வேலை குடுக்க ஏலாதா? நான் சொன்ன எண்டு சொல்லிப் போடாதீங்க."

அவர் தலையை ஆட்டினார். "நங்கி கவலை வேணாம். நான் பாக்கிறது. நல்ல மனுசன் அது. நான் லைட் டியூட்டி போடுறது."

சொன்னபடி செய்தார். அடுத்த கிழமையே என் கணவர் எழுத்து மேசையிலிருந்து எழும்பி வேறு வேலைக்குப் போனார். உட்கார்ந்து செய்கிற வேலை, வெயில் இல்லை, ஆட்களின் தொல்லை இல்லை என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் செய்து நிலையத்துக்கு அனுப்பினேன். சார்ஜன்ட் சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினார்.

என் கணவரும் அமைதியானார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒரு நாள் அலுமாரியிலிருந்து பைலை எடுத்து, என்னைப் பக்கத்தில் இருத்தி, எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது, நியமனக் கடிதம் எது, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பத்திரத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். "இதெல்லாம் நீ தெரிஞ்சு வெச்சிரிக்கணும் புள்ள," என்றார். மற்றப் பெண்களின் புருஷன்மார் கடதாசியைத் தொடவே விட மாட்டார்கள், என்னுடைய மனுசன் எவ்வளவு மதிக்கிறார் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். தன் கைக்கடிகாரத்தைத் தன் தம்பிக்குக் கொடுத்தார். அதையும் தாராள குணம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய காக்கிக் காற்சட்டையின் தொடைப் பக்கத்தில் ஒரு கறை. இரண்டு மூன்று கிழமையாகவே அந்தக் கறை வந்துகொண்டிருந்தது, சவர்க்காரத்துக்குப் போகவில்லை. சைக்கிள் சங்கிலி எண்ணெய் என்று நினைத்திருந்தேன். முகர்ந்து பார்த்தால் வேறு மணம். அன்றைக்கு அவருக்குப் பின்னேர முறை; தேநீர் குடித்துக்கொண்டு பின்வாசலில் நின்றார்.

"இது என்ன எண்ணெய் மச்சான்?" என்று கேட்டேன்.

"துவக்குக்குப் பூசுற எண்ணெய்."

"உங்களுக்கு என்னத்துக்குத் துவக்கு எண்ணெய்?"

"துவக்கு அறையிலதானே இப்ப வேல. துடைக்கிற, அடுக்கிற, குடுக்கிற, எடுக்கிற. கதவப் பூட்டிக்கொண்டு தனியத்தான் இரிக்கிற. நல்ல அமைதி."

கையிலிருந்த காற்சட்டையை நான் அப்படியே கல்லில் வைத்தேன். நிலையத்தில் அதுதான் லேசான வேலை. கால் உடைந்தவன், காய்ச்சலில் எழும்பியவன், மனசு சரியில்லாதவன் எல்லாருக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். ஒரே இடத்தில் இருக்கலாம், கத்துவதற்கு யாரும் இல்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. நான் கேட்டேன், சார்ஜன்ட் இரக்கப்பட்டுக் கொடுத்தார், நான் வட்டிலப்பமும் செய்து அனுப்பினேன். ஓய்வூதியப் பத்திரமும் கைக்கடிகாரமும் அந்த முகத் தெளிவும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

உள்ளே போய் உம்மாவிடம் சொன்னேன். முழுக்கச் சொல்ல அவர் விடவில்லை. என் வாயைக் கையால் பொத்தினார்.

"வாயால சொல்லாத புள்ள! மலக்குமார் ஆமீன் சொல்லிப் போடுவாங்க. ஹறாமான கத. ஊருக்குத் தெரிஞ்சா என்ன கதைக்கும்? உன்ட தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்திரிக்கிற நேரம். நான் தண்ணி ஓதி எடுத்து வாறன், மறுகாப் பாப்பம்."

எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லித் தருவது இது. கெட்டதை வாயால் சொன்னால் அந்த நேரம் பார்த்து வானத்து மலக்குகள் ஆமீன் சொல்லிவிடுவார்கள், அது பலித்துவிடும் என்று. அதனால்தான் ஊரில் ஒருவரும் யாரிடமும் இதைக் கேட்பதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை விட அந்தப் பூட்டிய அறை எனக்குப் பெரிய பயம். உம்மாவின் கையை எடுத்துவிட்டேன்.

"உம்மா, தண்ணி ஓதுங்க. நான் வேண்டாம் எண்டு சொல்லல்ல. ஆனா இது எனக்குத் தந்த வீடு. இந்த வீட்டுல எதக் கதைக்கிற, எதக் கதைக்காம விடுற எண்டு நான்தான் சொல்லுவன்."

என் உம்மாவிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் போத்தலை எடுத்துக்கொண்டு போனார்.

பின்வாசலுக்குப் போய் அவரிடம் நேரே கேட்டேன். "மச்சான், நீங்க சாகணும் எண்டு நினைக்கிறீங்களா?"

"உனக்கென்ன விசரா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பார்த்தது சுவரை என்பதால் எனக்கு விடை தெரிந்தது. அன்றைக்கு அவரை வேலைக்குப் போக விடவில்லை. எனக்கு நெஞ்சு வலி என்று படுத்துவிட்டேன். பொய்யும் இல்லை அது. அவர் பக்கத்துக் கடையிலிருந்து நிலையத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு என் தலைமாட்டில் இருந்தார். படுத்துக் கிடந்தபடி யோசித்தேன். வாயே திறக்க முடியாமல் வருகிற மனிதர்களிடமிருந்து இவர் எப்படிக் கதையை எடுக்கிறார்? ஒரு காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மௌத்தைப் பற்றி முதலில் கேட்கக் கூடாது. பெயர், வயது, தொழில் கேட்க வேண்டும். பிறகு, அன்றைக்குக் காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். காலையிலிருந்து வரத் தொடங்கினால் மனிதன் தானாக வந்து சேருவான் என்பார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டார். மகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினேன். மேசையைத் துடைத்து, புல்ஸ்கேப் தாளும் பேனையும் வைத்து, அவருடைய ஜன்னலோரக் கதிரையில் நான் உட்கார்ந்துகொண்டேன். எதிர்க் கதிரையை அவருக்குக் காட்டினேன்.

"என்ன இது?"

"வாக்குமூலம் எடுக்கப் போறன். இரிங்க."

சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. விளையாட்டுக்குத்தான் உட்கார்ந்தார். நான் விளையாடவில்லை.

"பெயர்?"

"தெரியாதா உனக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பெயர்?"

சொன்னார். வயது சொன்னார். தொழில், பொலிஸ் கான்ஸ்டபிள் என்றார். நான் ஒவ்வொன்றாக எழுதினேன். "உங்களுக்கு மறக்க ஏலாத வாக்குமூலம் எது? அண்டைக்குக் காலம என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. பிறகு, "காலம அப்பமும் சம்பலும் தின்னுட்டுத்தான் போனன்," என்று தொடங்கினார்.

அன்றைக்கு ஒரு தமிழ்த் தாய் வந்திருக்கிறாள். மகன் விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவன், வாய்க்கால் கட்டில் சுடப்பட்டுக் கிடந்தான். அவள் சொன்னதை இவர் எழுதினார். மகன் எழும்பியது, தேநீர் குடித்தது, மண்வெட்டியைத் தோளில் வைத்தது, வாசல் படலையைச் சாத்தியது எல்லாம் எழுதி வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனையைக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை. "தம்பி, இன்னொருக்கா வாசிங்க. நீங்க வாசிக்கக்குள்ள படலையடி மட்டும் அவன் உசிரோட போறான்," என்றாளாம். இவர் நாலு தடவை வாசித்தார். அதற்கடுத்த மூன்றாம் நாள் நம்முடைய ஊர் மீனவர் ஒருவரின் மனைவி அதே கதிரையில் வந்து இருந்தாள். அவளுக்கும் வாசித்தார். அதன் பிறகு எதை உரத்து வாசித்தாலும் அவருக்கு அந்தப் படலைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மகளின் தமிழ்ப் புத்தகத்திலும் அதுதான் கேட்டிருக்கிறது.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அழவில்லை. அழுதால் அவர் நிறுத்திவிட்டு எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஆண்களுக்கு அது ஒரு தப்பும் வழி.

"மறுகா?" என்றேன்.

மறுகா அந்தச் சிநேகிதரின் கதை வந்தது. அது விபத்து இல்லை. அவருடைய மனைவி வாக்குமூலத்தில் இவரிடம் உள்ளதைச் சொன்னாள். "என்னால இனி ஏலா" என்று அவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாம் சொன்னாள். அடக்கத்துக்கு முந்திய ஜனாஸா தொழுகைக்கு யாரும் தடை சொல்லக் கூடாது, ஓய்வூதியமும் தடைப்படக் கூடாது, பிள்ளைகளை ஊர் சொல்லிக்காட்டக் கூடாது என்று நாலு பேர் சேர்ந்து யோசித்து, விபத்து என்று எழுதச் சொன்னார்கள். சொன்னவர்களில் சார்ஜன்ட்டும் ஒருவர்.

"அந்தப் பொம்புள சொன்னது ஒண்டு, நான் எழுதினது ஒண்டு," என்றார் என் கணவர். "அதையும் அவட வாயாலதான் எழுதின. 'நான்' எண்டுதான் எழுதின. அவக்கே வாசிச்சுக் காட்டினன். ஓம் எண்டு கையெழுத்து வெச்சா." பிறகு, "எனக்கும் ஒருத்தன் அப்படி எழுதுவான் எண்டுதான் இரிந்தன்," என்றார்.

அவர் என் கையைப் பிடித்தார். "அத எழுதாத புள்ள. வேல போயிடும்."

"நீங்க சொன்னத நான் எழுதுவன். சொல்லாதத எழுத மாட்டன். ஒரு பொய்ய எழுதின கையாலதானே இந்தப் பாடு?"

எழுதினேன். கடைசிக் கேள்வியையும் கேட்டேன், நேற்றுக் கேட்ட அதே கேள்வியை. இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. "ஓம்," என்றார். அதையும் எழுதினேன்.

பிறகு வாசித்துக் காட்ட வேண்டும். முறை என்றால் முறைதான். எழும்பி நின்று, ஒரு சொல்லும் விடாமல் உரத்து வாசித்தேன். "நான் பொலிஸ் கான்ஸ்டபிளாகக் கடமையாற்றுகிறேன்" என்பதிலிருந்து, "நான் சாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்" என்பது வரை. என் வாயிலிருந்து, என் குரலில், "நான்" என்று அது வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் மற்றவர்களுக்காக வாசித்த மனிதருக்கு யாரும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

திரைச்சீலை விலகியது. உம்மா வந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மருமகனுக்கு முன்னால் நேரே வந்து நின்றதில்லை அவர். கையில் தண்ணீர்ப் போத்தல். முக்காடு சரிந்திருந்ததையும் கவனிக்கவில்லை.

"மகன், நான் மறைவுல நிண்டு கேட்டுட்டன்," என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?"

அவர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். உம்மா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். மலக்குகள் அன்றைக்கு எதற்கு ஆமீன் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. உம்மாவின் அந்தக் கேள்விக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் பேனையை வாங்கி, தன் அச்சுக் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "துவக்கு அறைச் சாவியை நான் என் விருப்பத்தின்பேரில் ஒப்படைக்கிறேன்." கீழே கையெழுத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் நிலையத்துக்குப் போனோம். வாசலில் அவருடைய நடை தளர்ந்தது. "வேணாம் புள்ள, சும்மா வேல மாத்தக் கேப்பம்," என்றார். சும்மா கேட்டதன் பலனை நான் பார்த்திருந்தேன். முன்னால் நடந்தேன்.

சார்ஜன்ட் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடமாகத் தமிழ் வாக்குமூலங்களைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்ததும் என் கணவர்தான். அவர் தாளைக் கையில் எடுத்தார். முதல் வரிகளைச் சொல்லி, அந்தத் தாயின் கதையைச் சொல்லி, சிநேகிதரின் இடத்தில் நின்றுவிட்டார்.

"வாசியுங்க மச்சான்," என்றேன்.

வாசித்தார். எனக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் சார்ஜன்ட்டின் முகத்தைப் பார்த்து, எந்த வரி போகிறது என்று சொல்ல முடிந்தது. சிநேகிதரின் கதையில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரி முடிந்ததும் என் கணவர், அறையின் இரண்டு சாவிகளில் தன்னிடம் இருந்ததை இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

சார்ஜன்ட் உடனே அதை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டு, பொத்தானையும் பூட்டினார். "அந்த வேலை நான்தான் குடுத்தது நங்கி," என்றார். "நான்தான் குடுத்தது."

"கேட்டது நான்," என்றேன். "ரெண்டு பேரும் பிழ. இப்ப என்ன செய்யப் போறீங்க, அதச் சொல்லுங்க."

நான் அதட்டியதாகப் பிறகு சார்ஜன்ட் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதட்டினேன்தான். அன்றைக்கே பொறுப்பதிகாரியிடம் போனார். திங்கட்கிழமை, மனநோய் டாக்டர் இருந்த தூரத்து ஆஸ்பத்திரிக்கு எங்களோடு தானும் சிவில் உடுப்பில் வந்தார். என் கணவர் மருந்து எடுத்தார், மாதா மாதம் போய் டாக்டரிடம் கதைத்தார். துவக்கு இல்லாத வேலை கொடுத்தார்கள், காலையிலும் மத்தியானத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வீதி கடத்துகிற வேலை. தமிழ் எழுதத் தெரிந்த இன்னொருவரைப் பக்கத்து நிலையத்திலிருந்து எடுத்தார்கள். வேலை போகவில்லை. நிலையத்தில் சிலர் "லூசு" என்றார்கள். தெருவில் என் காதுபட ஒருத்தி சொன்னபோது, நின்று, திரும்பி, அவளுக்கு விளங்குகிற மாதிரிப் பதில் சொன்னேன். தங்கச்சியின் கல்யாணமும் தவறவில்லை. கதை தெரிந்துதான் கேட்டு வந்தார்கள்.

ஒரே நாளில் சுகமாகிவிடவில்லை. கெட்ட நாட்கள் திரும்பத் திரும்ப வந்தன. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமையை நான் விடவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு மேசை, தாள், பேனை. சில வெள்ளிக்கிழமைகளில் பெயர், வயது, தொழிலோடு நின்றுவிடும். நின்றாலும் வாசித்துக் காட்டுவேன், அவர் கையெழுத்து வைப்பார். அந்தத் தாள்களை ஓய்வூதியப் பத்திரத்துக்கு மேலே வைத்துக்கொண்டே வந்தேன். பத்திரம் அடியில் போய்விட்டது.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மேசையில் உட்கார்ந்திருந்த நேரம், வாசலில் சைக்கிள் மணி. சார்ஜன்ட், தனியாக வந்திருந்தார். பெருநாளும் இல்லை, விருந்தும் இல்லை. உள்ளே வந்தவர் உட்காராமல், மேசையில் இருந்த தாளையே பார்த்தார்.

"நங்கி," என்றார், "கடதாசி இன்னும் ஒண்டு இருக்கா?"

நான் எழும்பி என் கதிரையை என் கணவருக்குக் கொடுத்தேன். சார்ஜன்ட் அவருக்கு எதிரே உட்கார்ந்து, மௌத்தான அந்தப் பொத்துவில் கான்ஸ்டபிளின் பெயரை ஒரு தடவை சொன்னார். பிறகு வாய் அடைத்துப்போனது. என் கணவர் அவரை அவசரப்படுத்தவில்லை. அந்த வேலையில் கைதேர்ந்தவர் அல்லவா? புதுத் தாளை நேராக்கி வைத்துக்கொண்டு, பெயர், வயது, தொழில் கேட்டார். அன்றைக்குக் காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் தேநீர் போடக் குசினிக்குப் போனேன். உம்மா அங்கே நின்றார். வெகு நேரம் பேனை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு என் கணவரின் குரல் எழுந்தது. சிங்களத்தில், உரத்து, நிறுத்தாமல் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.